வெள்ளைச் சீட்டு இரண்டு, மஞ்சள் சீட்டு ஒன்று

காலை ஒன்பதே காலுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டர் எங்கள் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்றைத் தொட்டு, "இதை நம்பினா மெஷினை எடுக்கவே கூடாது" என்றார். மற்றொன்றைத் தொட்டு, "இதை நம்பினா மெஷினை வச்சதே தப்பு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணு போலி. எதுன்னு சாயங்காலம் நாலு மணிக்குள்ள தெரியணும்."

"நாலு மணிக்கு மேல போலி அசலாயிடுமா சார்?" என்றேன்.

மேடத்தின் செருப்பு என் கால்விரலை மேஜைக்கு அடியில் தேடிப்பிடித்து மிதித்தது. மேடம் என் முதலாளி. இருபத்திரண்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவர். அதையே படித்தாயிற்று, மனிதர்களைப் படிப்பதா பெரிய காரியம் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவதும் கதவைத் தட்டுவதும் என் வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது என் வேலையில் சேராது.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். நோயாளிக்கு வயது அறுபத்தாறு. குடிநீர் அலுவலகத்தின் புகார் ஜன்னலில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன கேட்டாலும் "சரிங்க" என்பார் என்பதால் ஊர் முழுக்க அவருக்குச் 'சரிங்க சார்' என்றே பெயர். நுரையீரல் பல வருடமாகப் பழுது, அதன்மேல் நிமோனியா. பன்னிரண்டு நாளாக வாய் வழியே ஒரு குழாய், அதன் மறுமுனையில் வென்டிலேட்டர்.

"இதுக்கு மேல வாயில குழாய் வச்சிருக்க முடியாது. ஒண்ணு, கழுத்துல துளை போட்டு அது வழியா மெஷினை மாட்டணும். அப்புறம் மாசமோ வருஷமோ அதோடதான். மெஷின் இல்லாம மூச்சு விடற அளவுக்குத் தேறுவாரான்னா, நூத்துல அஞ்சுதான் சொல்வேன். இன்னொண்ணு, குழாயை எடுத்துட்டு, திணறல் தெரியாம மருந்து குடுத்து, கூட இருக்கணும். அது எத்தனை மணி நேரம்னு யாருக்கும் தெரியாது. மகன் முதலாவதைக் கேக்கறார். மக ரெண்டாவதைக் கேக்கறாங்க. ஆளுக்கொரு கடிதம் வச்சிருக்காங்க. நாலு மணிக்கு நெறிமுறைக் குழு கூடுது. எதைச் செஞ்சாலும் பாதிக் குடும்பத்துக்கு நான் கொலைகாரன்."

"மீதிப் பாதிக்கு?"

"தெய்வம். அதைத்தான் தாங்க முடியல" என்றார் டாக்டர்.

மேடம் இரண்டு காகிதங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில், 'செய்யக்கூடிய வைத்தியம் அனைத்தும் எனக்குச் செய்யப்பட வேண்டும்.' மற்றதில், 'எந்த இயந்திரத்தின் உதவியும் எனக்கு வேண்டாம்.' ஒரே குண்டுக் கையெழுத்து, ஒரே நீல மை. கீழே ஒரே தேதி, எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மகனும் மகளும் காத்திருப்போர் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். நடுவில் பதினான்கு நாற்காலிகள். மகன் பஸ் டெப்போவில் நேரக் காப்பாளர். மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"என் தங்கச்சிக்கு அப்பா கையெழுத்து அச்சு அசலா வரும்" என்றார் மகன். "பள்ளிக்கூடத்துல ரேங்க் கார்டுல அவளே போட்டுக்குவா."

"எங்கண்ணன் கார்டுலயும் நான்தான் போட்டேன், அதைச் சொன்னாரா?" என்றாள் மகள்.

இருவருக்குள்ளும் இருந்தது கையெழுத்துச் சண்டை இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா நாற்பத்தோரு நாள் இதே மாதிரி மெஷினில் கிடந்து இறந்திருக்கிறார். மகள் நாற்பத்தோரு நாளும் பக்கத்தில் இருந்தவள். வெளியூரில் வேலையாக இருந்த மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முழுக்கப் பார்த்தவளுக்கு மெஷின் என்றாலே நடுக்கம். பார்க்காதவனுக்கு இன்னும் ஒரு நாள் கிடைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தனித்தனியே போய் அப்பாவிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"ரெண்டு பேர்ல யார் மேடம் திருடன்?" என்று படியிறங்கும்போது கேட்டேன்.

"போலியா எழுதறவன் எந்தத் தேதி போடுவான்?"

"அசலை விடப் பின்னாடி தேதி. அப்பதானே முந்தினது செல்லாது."

"இங்க ஒரே தேதி. தப்பு பண்றவங்க இவ்வளவு முட்டாளா இருக்க மாட்டாங்க. உண்மையா இருக்கறவங்கதான் இப்படி முட்டாளா இருப்பாங்க. ரெண்டும் அசல்."

"அப்ப நம்ம வேலை முடிஞ்சுதா?"

"நாறிப்போச்சு" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் கேஸ் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டு கடிதங்களும் வெறும் காகிதத்தில் எழுதப்படவில்லை. தலையில் 'புகார் ஏற்புச் சீட்டு' என்று அச்சாகியிருந்தது. மகனுடையது 4416. மகளுடையது 4417. அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகங்கள், வீட்டில் துண்டுச் சீட்டுக்கெல்லாம் அதுதான் என்று இருவரும் சொன்னார்கள். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. வீட்டுச் சாவியைத் தந்தது இரண்டாவது.

வீடு ஒற்றை ஆள் வாழ்ந்த சுத்தத்தில் இருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரு துண்டு. அலமாரியில் மூன்று சீட்டுப் புத்தகங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வெள்ளைத் தாள், அதன் அடியில் அதே எண்ணில் ஒரு மஞ்சள் தாள். வெள்ளைத் தாள்களைக் கிழித்துக் கிழித்து மனிதர் என்னவெல்லாமோ எழுதியிருந்தார். மாத்திரைப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. 'கேஸ் மூடினாயா?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்ட சீட்டு அடுப்புக்கு மேல் இருந்தது.

மேடம் புத்தகங்களைக் கட்டைவிரலால் விர்ரென்று தள்ளினார்.

"மஞ்சத் தாள் எல்லாம் அப்படியே இருக்கு பாத்தியா? வெள்ளையை இஷ்டத்துக்குக் கிழிச்சவர் மஞ்சளைத் தொடவே இல்ல."

"மஞ்சள் ராசியில்லைன்னு விட்டிருப்பார்."

"ஒண்ணே ஒண்ணு கிழிச்சிருக்கார். 4417. அண்ணனோட 4416-க்கு மஞ்சள் காலியா இங்கயே இருக்கு. தங்கச்சியோட எண்ணுக்கு மட்டும் இல்ல."

"அப்ப மகளுக்கு ஒண்ணு கூடுதலாக் குடுத்தார். பொம்பளைப் பிள்ளைன்னா எங்கயும் ஒரு செல்லம்தான்."

"மக கையில மஞ்சள் இருந்தா அதையும்தானே டாக்டர் மேஜையில வச்சிருப்பா? வண்டியை எடு. மஞ்சள் சீட்டு எதுக்குன்னு அந்த ஜன்னல்ல போய்க் கேப்போம்."

குடிநீர் அலுவலகத்தின் புகார் ஜன்னலில் இப்போது கம்ப்யூட்டரோடு ஓர் இளம்பெண் இருந்தாள். 'சரிங்க சார்' என்றதும் எழுந்தே நின்றுவிட்டாள். அவரிடம் ஒரு வருடம் வேலை கற்றுக்கொண்டவளாம்.

"வெள்ளை பொதுமக்களுக்கு மேடம். உங்க புகாரை எடுத்துக்கிட்டோம், நீங்க கேட்டபடி செய்யறோம்னு எழுதிக் குடுக்கறது. மஞ்சள் வால்வுக்காரருக்கு. எந்த வால்வை எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு அதுலதான் இருக்கும். சார் எப்பவும் சொல்வார், வெள்ளை மனசுக்கு, மஞ்சள் வேலைக்குன்னு."

"ரெண்டு புகாருக்கு ஒரே மஞ்சள் சீட்டு போடறது உண்டா?"

அவள் சிரித்தாள். "அதுதான் சாரோட பெரிய வித்தை. மேட்டுத் தெருக்காரங்க வந்து எங்களுக்கு முழுத் தண்ணி வேணும்பாங்க. சரிங்க. பள்ளத் தெருக்காரங்க வந்து மேட்டுத் தெருவுக்கு விடக் கூடாது, எங்களுக்குத்தான் முழுசும்பாங்க. அவங்களுக்கும் சரிங்க. ரெண்டு தெருவும் ஒரே குழாய். அதனால ஒரே ஒரு மஞ்சள் சீட்டு. காலையில மேட்டுக்கு, சாயங்காலம் பள்ளத்துக்கு. ரெண்டு பேரும் தாங்கதான் ஜெயிச்சோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. இன்னும் நெனச்சுக்கிட்டுதான் இருக்காங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது அதிசயமாக இருந்தது.

அந்த ஜன்னலின் மஞ்சள் சீட்டுகளை முப்பது வருடம் வாங்கிய வால்வுக்காரர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் பம்ப் அறையை விடவில்லை. புதிதாக வந்தவர்கள் ஸ்பேனரைத் தப்பாகப் பிடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டாமா? மோட்டார் சத்தத்துக்கு நடுவில், எண்ணெய் வாடையில், கவிழ்த்துப்போட்ட ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். மேடம் 4417 என்று சொன்னவுடன் அவர் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. திருடன் கையும் அப்படித்தான் போகும், தாயின் கையும் அப்படித்தான் போகும்.

"அவர் பன்னெண்டு நாளா மெஷின்ல கெடக்கார். ஏன் யார்கிட்டயும் காட்டல?" என்றார் மேடம்.

"யாருக்குக் காட்டறது? மஞ்சச் சீட்டைப் பொதுமக்கள்கிட்ட காட்டக் கூடாது. முப்பது வருஷ ஆபீஸ் விதி."

"அவர் பெத்த பிள்ளைங்கய்யா" என்றேன்.

"வெள்ளைச் சீட்டு வாங்கினவங்க பொதுமக்கள்தான். அந்த மனுஷனே அப்படித்தான் சொல்லிக் குடுத்தான்." கொஞ்ச நேரம் மோட்டாரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு நான் தினம் போனேன். வாசல்ல என்ன உறவுன்னு கேக்கறாங்க. ஒரே ஆபீஸ்னு சொன்னேன். உறவுக்காரங்களுக்கு மட்டும்தான் உள்ள அனுமதின்னுட்டாங்க. உறவுக்காரங்க ரெண்டு பேரும் வெளியில நின்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. உள்ள அவன் தனியா கெடந்தான்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை எடுத்து மேடத்திடம் கொடுத்தார். அதே குண்டுக் கையெழுத்து, ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட வெள்ளைச் சீட்டின் பணிவோடு இல்லை.

'இரண்டு புகார், குழாய் ஒன்று. முதல் பத்து நாள் மகன் கேட்டபடி. முழுத் திறப்பு. அதற்குள் நீ வந்து என்னைக் கூப்பிடு. ஆள் அடையாளம் எனக்குத் தெரிந்தால் என்னையே கேள். தெரியாவிட்டால் பதினோராம் நாள் மகள் கேட்டபடி. மூடு. அவரவர் கேட்டதுதான் நடந்தது என்று இருவரிடமும் சொல். இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதே. அவர்கள் பாவம்.'

"ரெண்டு வெள்ளையும் பொய்யில்ல" என்றேன். "காலைத் தண்ணி மகனுக்கு, சாயங்காலத் தண்ணி மகளுக்கு."

"பதினோராம் நாள் நேத்தே போயிடுச்சு" என்றார் வால்வுக்காரர். "நான் கூப்பிடவே இல்ல. என் வேலையில இப்படி ஒரு சீட்டு நின்னதே கெடையாது."

மணி பதினொன்றரை. மேடம் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், எல்லாரையும் விசாரிச்சாச்சு. ஒருத்தரை மட்டும் யாரும் விசாரிக்கல. நோயாளியை."

"அவர் தூக்க மருந்துல இருக்கார் மேடம்."

"யார் குடுக்கறா?"

"நாங்கதான். மூணாம் நாள் குறைச்சுப் பாத்தோம். இருமினார், திணறினார். மகனும் மகளும் சேர்ந்து வந்து, எங்கப்பாவைக் கஷ்டப்படுத்தாதீங்கன்னு அழுதாங்க. அதுக்கப்புறம் குறைக்கல."

ஆக, அண்ணனும் தங்கையும் இந்தப் பன்னிரண்டு நாளில் மனமொத்துச் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்களோ, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளைத் தூங்க வைத்துவிட்டார்கள். அன்பு வேலை பார்க்கும் லட்சணம் இது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மருந்தை நிறுத்தினார்கள். மூன்று மணிக்கு வால்வுக்காரரை உள்ளே அழைத்துப் போனோம். வாசல் காவலாளி இன்றும் "என்ன உறவு?" என்றார். "நோயாளி இவருக்குத்தான் பதில் சொல்லுவார், அந்த உறவு" என்று மேடம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

நோயாளி விழித்திருந்தார். மெலிந்த முகத்தில் குழாயைப் பிடித்துக் கட்டிய பட்டை. நர்ஸ் கண்ணை மூடச் சொன்னால் மூடினார், திறக்கச் சொன்னால் திறந்தார், இரண்டு விரல் காட்டச் சொன்னால் காட்டினார்.

மகன் முந்திக்கொண்டார். "அப்பா, எல்லா வைத்தியமும் பண்ணணும்தானே?"

தலை மெதுவாக ஆடியது. சரி.

"அப்பா, போதும்தானே? இந்த மெஷின் வேண்டாம்தானே?" என்றாள் மகள்.

தலை ஆடியது. சரி.

டாக்டர் குனிந்தார். "ஐயா, நான் உங்க மகனா?"

சற்று யோசித்துவிட்டு, அதற்கும் தலையை ஆட்டினார். டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. "புரியல அவருக்கு. இதை வச்சு நான் எதுவும் முடிவு பண்ண முடியாது."

"நல்லாப் புரியுது சார்" என்றார் வால்வுக்காரர். "உங்களுக்கு மரியாதை குடுக்கறான். வாயால இல்லைன்னு சொன்னதே இல்ல இவன். கேள்வி கேட்டீங்கன்னா விடிய விடிய ஆட்டுவான். கேக்கக் கூடாது."

"பின்ன?"

"செய்யணும். ரோட்டுல குழிக்குள்ள நான் இறங்கி வால்வுல கை வைப்பேன், இவன் ஜன்னலை மூடிட்டு வந்து பக்கத்துல நிப்பான். நான் தப்பானதைத் திருப்பினா பேச மாட்டான், மணிக்கட்டைப் பிடிப்பான். சரியானதைத் திருப்பினா விட்டுடுவான். முப்பது வருஷம் எங்களுக்குள்ள அதுதான் பேச்சு."

படுக்கையோரம் உட்கார்ந்து, நோயாளியின் உள்ளங்கையில் தன் மணிக்கட்டை வைத்தார். "யோவ், நான்தான்" என்றார்.

அந்தக் கண்கள் அவர்மேல் வந்து நின்றன. ஓரத்தில் நீர் கட்டியது.

"இந்த டாக்டரை உன் மகன்னு ரிஜிஸ்டர்ல எழுதறேன்யா." மணிக்கட்டைத் திருப்பினார். விரல்கள் மடங்கிப் பிடித்தன. டாக்டர் அருகில் வந்து நின்றார்.

"கழுத்துல துளை போட்டு மெஷினை நிரந்தரமா மாட்டறேன்." திருப்பினார். விரல்கள் பிடித்தன. இவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறதா என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"குழாயை எடுத்துடறேன். உசிரு போனாலும் திரும்ப வைக்க மாட்டேன்." திருப்பினார். விரல்கள் விரிந்து கிடந்தன.

மேடம் வரிசையை மாற்றிக் கேட்கச் சொன்னார். பதில் மாறவில்லை. டாக்டர் தானே வார்த்தைகளை மாற்றி, மெஷின் இருந்தால் என்ன, எடுத்தால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லி, மறுபடி கேட்க வைத்தார். பதில் மாறவில்லை. போலியைக் கண்டுபிடிக்க வந்த நாங்கள் அசலைக் கண்டுபிடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

"குழுகிட்ட நான் சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையிலயும் இதே மாதிரி கேப்போம். அதே பதில்னா, அவர் சொன்னபடி."

மகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அழுதாள். அவள் கேட்டதுதான் நடக்கப்போகிறது. அதில் அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை. "அவரவர் கேட்டதுதான் நடந்துச்சு, முதல் பத்து நாள் மகன் கேட்டபடி, அப்புறம் மக கேட்டபடின்னுதான் சொல்லியிருக்கான்" என்றார் வால்வுக்காரர், சீட்டை வெளியே எடுக்காமலே. "பத்து நாள் நீ கேட்டது நடந்துதுண்ணா, அதுக்கு மேலயும் ரெண்டு நாள்" என்று அண்ணனிடம் சொன்னாள். அவர் அவள் தோளில் கை வைத்தார்.

எல்லோரும் நகர்ந்தோம். வால்வுக்காரர் மட்டும் மணிக்கட்டை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை கேட்டுக்கறேன் சார்."

"போதுமே" என்றார் டாக்டர். மேடம் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

வால்வுக்காரர் குனிந்தார். "எடுத்துடச் சொல்றேன்யா. மூடறேன்" என்றார். மணிக்கட்டை மிக மெதுவாக, நூல் நூலாகத் திருப்பினார். அவ்வளவு மெதுவாகத் திருப்பினால் எந்த வால்வும் மூடாது. பாதியில் நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி கொஞ்சம் திருப்பினார்.

"நான் தப்பாத் திருப்பறேன்யா" என்றார். "பிடிச்சுக்கோ."

படுக்கையில் இருந்தவர் அவரையே பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். கை விரிந்தே இருந்தது.